விழுங்குதலில் உதடும் நாவும்: காரணம், ஈடு குறித்த ஒரு கருத்து வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

விழுங்கும்போது உதடும் நாவும் ஒன்றையொன்று சார்ந்தே இயங்குகின்றன. வாயின் முன்புறத்தை அடைத்து, உணவைப் பின்னோக்கிச் செலுத்தும் பணியை இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன. உதடு அடைக்கத் தவறும்போது நா அவ்விடத்தை நிரப்புகிறது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நாவின் இந்த ஈடுசெய்யும் அசைவே பல்வரிசைக் கோளாறுகளுக்குக் காரணம் எனக் கருதப்பட்டது. அக்கருத்து உருவான வழியையும், அளவீட்டுக் கருவிகள் அதனைத் திருத்திய விதத்தையும், அத்திருத்தம் எட்டிய எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: விழுங்குதல், முன்னடைப்பு, நாத்துருத்தல், பல்வரிசை, எக்ஸ் கதிர், உடலியங்கியல் வரலாறு.

முன்னுரை

தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்தொலி பிறப்பதற்குரிய இடங்களாகத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய எட்டைக் கூறுகிறது. நா எங்குப் பொருந்துகிறது, இதழ் எப்போது இயைகிறது என்பதைக் கொண்டே அது ஒலிகளை வகைப்படுத்துகிறது. இவ்வளவு நுட்பமான உற்றுநோக்கல் பழங்காலத்திலேயே கைகூடியதற்கு ஓர் எளிய காரணம் உண்டு. ஒலிப்பவர் தம் நாவின் அசைவை உணர முடியும். விரும்பியவாறு அதனை நிறுத்தவும் மெதுவாக்கவும் மீண்டும் செய்து பார்க்கவும் முடியும். எதிரில் இருப்பவரும் இதழின் அசைவைக் காணலாம்.

அதே உறுப்புகள் விழுங்குதலில் ஈடுபடும்போது இந்த வாய்ப்புப் பெரிதும் மறைந்துவிடுகிறது. பேச்சில் திறக்கும் வாய், விழுங்கும்போது மூடிக்கொள்கிறது. உதடுகள் பொருந்துகின்றன, நாவின் நுனி மேல் முன்பற்களின் பின்னுள்ள மேட்டில் ஊன்றுகிறது, அதன் விளிம்புகள் அண்ணத்தின் ஓரங்களோடு ஒட்டிக்கொள்கின்றன, நடுப்பகுதி முன்னிருந்து பின்னாக எழுந்து உணவுக் கவளத்தைத் தொண்டைக்குள் தள்ளுகிறது. உடனே மெல்லண்ணம் உயர்ந்து மூக்கின் வழியை அடைக்கிறது. குரல்வளை மேலும் முன்னும் எழுகிறது. மூச்சு சற்று நிற்கிறது. உணவுக்குழலின் வாயில் திறக்கிறது. கவளம் தொண்டையைக் கடக்க ஏறத்தாழ ஒரு நொடியே ஆகிறது. வாயைத் திறந்து பார்க்க முயன்றால் இந்த ஒழுங்கு குலைந்துவிடும். பார்க்கும் முயற்சியே பார்க்கப்படும் பொருளை மாற்றிவிடும் இந்த இடர்ப்பாடு, விழுங்குதல் ஆய்வின் வரலாறு முழுவதும் தொடர்கிறது. அந்த இடர்ப்பாட்டிலிருந்து பிறந்த ஒரு தவறான முடிவும் அது திருத்தப்பட்ட முறையுமே இங்கு ஆய்வுப்பொருள்.

1. தொண்டையை நோக்கிய தொடக்கக்கால ஆய்வுகள்

விழுங்குதலை விளக்க முற்பட்ட பழைய மருத்துவர்களின் கவனம் வாயில் நிலைக்கவில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன், உணவுக்குழலின் சுவரிலுள்ள நீள்வாட்ட இழைகளையும் குறுக்குவாட்ட இழைகளையும் பிரித்தறிந்து, முன்னவை இழுக்கின்றன, பின்னவை தள்ளுகின்றன எனக் கருதினார். இரைப்பையே உணவைத் தன்பால் ஈர்க்கிறது என்பது அவருடைய கோட்பாட்டின் அடிப்படை. இந்தப் பார்வையில் உதடும் நாவும் உணவு நுழையும் வாயில்கள் மட்டுமே.

நவீன உடலியங்கியலில் இத்துறைக்குச் சட்டகம் அமைத்தவர் பிரான்சு நாட்டு அறிஞர் பிரான்சுவா மஜாந்தி ஆவார். குரல்வளை மூடி இன்றியும் நாய்கள் விழுங்க வல்லவை என்பதை அவர் 1813இல் அறுவைச் சோதனை மூலம் காட்டினார். பின்னர்த் தம் உடலியங்கியல் பாடநூலில் விழுங்குதலை வாய், தொண்டை, உணவுக்குழல் என மூன்று கட்டங்களாகப் பிரித்தார். அவற்றுள் முதற்கட்டம் மனிதனின் விருப்பத்திற்கு உட்பட்டது எனவும் ஏனையவை அவ்வாறு அல்ல எனவும் கொள்ளப்பட்டது. எளிமையும் தெளிவும் மிக்க இப்பகுப்பு இன்றும் பாடநூல்களில் வழங்குகிறது. ஆனால் அது ஒரு பக்கவிளைவையும் உண்டாக்கியது. விருப்பத்திற்குக் கட்டுப்பட்டது எனப்பட்ட வாய்க்கட்டம், அறிவியல் விளக்கம் தேவைப்படாத ஒன்றாக ஒதுங்கியது. வியப்பிற்குரியவை அனைத்தும் தொண்டைக்குக் கீழே நிகழ்வனவாகத் தோன்றின.

1880களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹியூகோ குரோனெக்கரும் அவருடைய மாணவர் சாமுவேல் மெல்ட்சரும் மேற்கொண்ட சோதனைகள் வாயின் பங்கை ஓரளவு மீட்டெடுத்தன. சிறு காற்றுப் பைகளைத் தொண்டையிலும் உணவுக்குழலிலும் இறக்கி, விழுங்கும்போது எழும் அழுத்தத்தை அவர்கள் பதிவு செய்தனர். நீர்மங்கள் உணவுக்குழலின் அலைபோன்ற சுருக்கத்திற்காகக் காத்திருப்பதில்லை. வாய்த்தளத் தசைகளின் விரைவான சுருக்கத்தால் பீச்சப்பட்டதுபோல் கீழே பாய்கின்றன. சுருக்க அலை பின்னரே வருகிறது என்பது அவர்களின் முடிவு. விழுங்குதலின் விசை வாயிலேயே பிறக்கிறது என்பதைக் கருவிப் பதிவின் வழியே காட்டிய ஆய்வு என்ற வகையில் இது முக்கியமானது. எனினும் அவர்களின் காற்றுப் பைகள் தொண்டையில் தொடங்கின. நாவும் உதடும் அந்த விசையை எவ்வாறு உருவாக்குகின்றன என்பது பதிவுக்கு வெளியே நின்றது.

1895ஆம் ஆண்டின் இறுதியில் ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் வால்டர் கேனன் அதனை விழுங்குதல் ஆய்வுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். நீண்ட கழுத்துடைய வாத்துக்குப் பிஸ்மத் உப்புக் கலந்த உணவை ஊட்டி, அதன் நிழல் கீழிறங்குவதை அவர் நோக்கினார். 1898இல் ஆல்பர்ட் மோசருடன் இணைந்து அவர் வெளியிட்ட கட்டுரை, உணவின் தன்மைக்கும் உயிரினத்திற்கும் ஏற்ப விழுங்கும் விதம் மாறுபடும் எனக் காட்டியது. உயிருள்ள உடலில், அறுவையின்றி, விழுங்குதலைக் காண இயலும் என்பது இவ்வாறு உறுதியாயிற்று. ஆனால் திரையில் தெரிந்தது உணவின் நிழல்தான். உலோக உப்புக் கலவாத உதடும் நாவும் மங்கிய சாயலாகவே நின்றன.

1956இல் ராபர்ட் டாட்டியும் ஜேம்ஸ் பாஸ்மாவும் நாய், பூனை, குரங்கு ஆகியவற்றின் தசைகளில் மின்பதிவு செய்து, அனிச்சை விழுங்குதலில் தசைகள் மாறாத ஒரு வரிசையில் இயங்குவதை நிறுவினர். அவர்கள் வகுத்த வரிசை வாய்த்தளத் தசை, நாவின் பின்பகுதி ஆகியவற்றில் தொடங்கிக் கீழிறங்கியது. மூளையின் முகுளப் பகுதி இவ்வொழுங்கை நடத்துகிறது என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. இங்கும் கவனம் தொண்டையின் மீதே இருந்தது. ஆக, மஜாந்தி தொடங்கி ஏறத்தாழ 140 ஆண்டுகள் உடலியங்கியலாளர்கள் விழுங்குதலை ஆராய்ந்தபோதிலும், உதடும் நாவும் இணையும் முன்வாய் அவர்களின் மையப் பொருளாகவில்லை. அவ்விடத்தை வேறொரு துறையினர் கைக்கொண்டனர்.

2. பல் மருத்துவரின் வினா

பல்வரிசை ஏன் ஓர் ஒழுங்கில் அமைகிறது என்பது பல் மருத்துவரின் வினா. வெளியிலிருந்து உதடும் கன்னமும் அழுத்துகின்றன. உள்ளிருந்து நா அழுத்துகிறது. இவ்விரு விசைகளுக்கும் இடையே பற்கள் தத்தம் இடத்தைக் கண்டடைகின்றன என்ற விளக்கத்தை இங்கிலாந்தைச் சேர்ந்த டோம்ஸ் 1873இல் முன்வைத்தார். உதட்டையும் நாவையும் ஒரே சமன்பாட்டின் இரு பக்கங்களாகக் கொண்ட முதன்மையான கருத்துகளுள் இதுவும் ஒன்று.

பல் சீரமைப்பைத் தனி மருத்துவத் துறையாக வளர்த்த அமெரிக்கர் எட்வர்டு ஏங்கிள், 1907இல் வெளிவந்த தம் நூலின் ஏழாம் பதிப்பில், உதடு, நா ஆகியவற்றின் தவறான பழக்கங்களைப் பல்வரிசைக் கேட்டின் காரணங்களுள் சேர்த்தார். பழக்கம் திருந்தாவிடில் சிகிச்சை நிலைக்காது என்பது அவருடைய கவலை. நேராக்கப்பட்ட பற்கள் சில ஆண்டுகளில் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புவதைக் கண்ட மருத்துவர்களுக்கு இக்கருத்து ஏற்புடையதாக இருந்தது. 1918இல் ஆல்பிரெட் ரோஜர்ஸ் முகத் தசைகளுக்கான பயிற்சிகளைப் பல் சீரமைப்பின் பகுதியாகப் பரிந்துரைத்தார்.

இங்கு ஒரு கருத்துமாற்றம் நிகழ்ந்ததைக் கவனிக்க வேண்டும். டோம்ஸின் விளக்கத்தில் உதடும் நாவும் எப்போதும் செயல்படும் இரு விசைகள். ஏங்கிளுக்குப் பின் அவை பழக்கங்களாயின. பழக்கம் என்ற சொல் குற்றத்தையும் திருத்தத்தையும் உடன்கொண்டு வருவது. விசை என்று கருதப்பட்டதை அளக்க வேண்டும். பழக்கம் என்று கருதப்பட்டதைத் திருத்த வேண்டும். அடுத்த அரை நூற்றாண்டில் அளவீட்டிற்கு முன்பே திருத்தம் வந்துசேர்ந்தது.

3. ‘இயல்பற்ற விழுங்கல்’ என்னும் கருத்தின் தோற்றம்

1946இல் இங்கிலாந்தின் ரிக்ஸ், விழுங்குதலுக்கும் பல்வரிசைக்கும் உள்ள தொடர்பு குறித்து எழுதிய கட்டுரை இத்துறையில் பரவலாகப் பேசப்பட்டது. வளர்ந்தோர் விழுங்கும்போது மேல், கீழ்ப் பற்கள் பொருந்துகின்றன. நா பல்வரிசைக்குள் அடங்கி நிற்கிறது. உதடுகள் அமைதியாக மூடியிருக்கின்றன. சில குழந்தைகளிடமோ பற்கள் விலகி நிற்கின்றன. நா பற்களுக்கிடையே முன்வருகிறது. கீழுதடும் மோவாயும் இறுகிச் சுருங்குகின்றன. இந்த இரண்டாவது முறையைப் பல்வரிசையின் அமைப்போடு அவர் தொடர்புபடுத்தினார்.

இரண்டாவது முறை எங்கிருந்து வருகிறது என்ற வினாவிற்கு விடையைக் கைக்குழந்தையிடம் தேடினர். பல் முளைக்காத குழந்தை பால் குடிக்கும்போது அதன் நா ஈறுகளுக்கிடையே முன்வந்து கீழுதட்டைத் தொடுகிறது; உதடுகள் செயலூக்கத்துடன் இறுகுகின்றன. ஆர்ட்ரன், கெம்ப், லிண்ட் ஆகிய மூவரும் 1958இல் வெளியிட்ட எக்ஸ் கதிர்த் திரைப்பட ஆய்வுகள், தாய்ப்பால் அருந்தும் குழந்தையையும் புட்டிப்பால் அருந்தும் குழந்தையையும் பதிவு செய்தன. நா முன்னிருந்து பின்னாகக் காம்பை அண்ணத்தோடு அழுத்திப் பாலை வெளியேற்றுவதை அவற்றில் காண முடிந்தது. பற்கள் முளைத்து, மெல்லும் உணவு பழகியபின் இம்முறை படிப்படியாக வளர்ந்தோர் முறைக்கு மாறுகிறது. இம்மாற்றம் நிகழாது நின்றுவிட்டால் பற்களுக்கிடையே நா தொடர்ந்து தள்ளும். மேல் முன்பற்கள் வெளிநோக்கிச் சாயும். அல்லது வாயை மூடியபோதும் மேல், கீழ் முன்பற்கள் கூடாமல் இடைவெளி நிற்கும். இதுவே ‘நாத்துருத்தல்’ கோட்பாட்டின் சாரம்.

இக்கோட்பாட்டை மிக விரிவாகப் பரப்பியவர் அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் வால்டர் ஸ்ட்ராப். 1960 முதல் 1962 வரை மூன்று பகுதிகளாக வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொடர், புட்டிப்பாலையே முதன்மைக் காரணமாகச் சுட்டியது. நாவை மறுபயிற்றுவிக்கும் முறைகளையும் வகுத்தது. பேச்சுப் பயிற்சியாளர் பலர் இப்பணியில் ஈடுபட்டனர். மேல் முன்பற்களின் பின்புறம் கம்பி வேலி அமைத்து நா முன்வராமல் தடுக்கும் கருவிகளும் வழக்கிலிருந்தன. அவற்றுள் சிலவற்றின் முனைகள் கூரானவை. நா முன்வந்தால் குத்தும். புட்டிப்பால் கொடுத்த தாய்க்குக் குற்றவுணர்வும், விழுங்கத் தெரியாத குழந்தைக்குக் கம்பி வேலியும் வாய்த்தன.

4. முன்னடைப்பு: மாற்று விளக்கம்

நாத்துருத்தல் கோட்பாடு பரவிய அதே காலத்தில் இங்கிலாந்தில் ஒரு மாற்றுச் சிந்தனையும் வளர்ந்தது. கிளிஃபோர்டு பாலர்டு, டபிள்யூ. ஜே. டல்லி ஆகியோர் முன்வாயின் அடைப்பை மையமாகக் கொண்டு இக்கேள்வியை அணுகினர். நா பின்னோக்கி அழுத்தத்தைச் செலுத்த வேண்டுமாயின் வாயின் முன்புறம் மூடியிருக்க வேண்டும். மூடாவிடில் உணவும் எச்சிலும் வெளியே வழியும், அழுத்தமும் வீணாகும். உதடுகள் இயல்பாகப் பொருந்தக் கூடியவரிடம் இந்த அடைப்பை உதடுகளும் முன்பற்களும் நாவின் நுனியும் இணைந்து அளிக்கின்றன. உதடு குட்டையாக இருந்தாலோ, மேல் முன்பற்கள் மிகவும் முன்தள்ளி நின்றாலோ, முன்பற்களுக்கிடையே இடைவெளி இருந்தாலோ உதட்டால் மட்டும் அடைக்க இயலாது. அப்போது நா முன்வந்து கீழுதட்டைத் தொட்டு அடைப்பை நிறைவு செய்கிறது.

இவ்விளக்கம் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றியது. நா முன்வருவதால் இடைவெளி உண்டாகிறது என்பதற்கு மாறாக, இடைவெளி இருப்பதால் நா முன்வருகிறது என்றது. பால்பற்கள் விழுந்து நிலையான முன்பற்கள் முளைக்காதிருக்கும் ஆறு, ஏழு வயதுக் குழந்தை அந்த இடைவெளியில் நாவை வைத்து விழுங்குவதும் இவ்வகையினதே. ஃபிளெட்சரும் உடன் ஆய்வாளரும் 1961இல் பள்ளிக் குழந்தைகளிடையே செய்த ஆய்வில், நாவைத் துருத்தி விழுங்குவோரின் விகிதம் வயது ஏற ஏறக் குறைவதைக் கண்டனர். நோய் எனப்பட்டதன் பெரும்பகுதி வளர்ச்சியின் ஒரு படிநிலையே என்பதற்கு இது சான்றாயிற்று.

1969இல் டல்லி நாத்துருத்தல் கோட்பாட்டை விரிவாகத் திறனாய்வு செய்தார். நரம்பியக்கத்திலேயே வேரூன்றிய, எளிதில் மாறாத துருத்தல் அரிதாக உண்டு. பெரும்பாலானவை சூழ்ந்துள்ள உருவமைப்பிற்கு நா தன்னைத் தகவமைத்துக்கொள்வதால் எழுபவை எனும் வேறுபாடு இங்கிலாந்து மரபில் நிலைபெற்றது. பற்களைச் சீரமைத்து, உதடுகள் பொருந்தும் நிலையை உண்டாக்கியபின் பலரிடம் நாவின் அசைவும் தானே மாறிவிடுகிறது என்ற மருத்துவ அனுபவம் இதற்குத் துணைநின்றது.

முன்னுரையில் சுட்டிய உற்றுநோக்கல் இடர்ப்பாடு இங்குத் தெளிவாகப் புலப்படுகிறது. குழந்தை விழுங்கும்போது நா எங்கே இருக்கிறது என்பதை அறிய, விரலால் கீழுதட்டை இழுத்துப் பார்ப்பது எளிய சோதனைமுறை. ஆனால் உதட்டை விலக்கும்போது முன்னடைப்பு உடைகிறது. உடைந்த அடைப்பை நிரப்ப நா முன்வர வேண்டியதாகிறது. இயல்பாக விழுங்கும் குழந்தையும் அச்சோதனையில் நாவைத் துருத்தக்கூடும். சோதனையாளரின் விரல் உண்டாக்கிய அசைவைக் குழந்தையின் பழக்கமாகப் பதிவு செய்யும் வாய்ப்பு இவ்வாறு அமைந்தது.

5. அழுத்தமும் காலமும்

விவாதத்தைக் கருத்துநிலையிலிருந்து அளவைநிலைக்குக் கொண்டுவந்தவை அழுத்த உணரிகள். விண்டர்ஸ் 1958இல் வெளியிட்ட ஆய்வில், விழுங்கும்போது பற்களின் மீது நா செலுத்தும் அழுத்தம் உதடும் கன்னமும் செலுத்துவதைவிட மிகுதியாக இருப்பதைக் கண்டார். இது டோம்ஸின் சமநிலைக் கருத்துக்கு ஒரு புதிராயிற்று. உள்விசை வெளிவிசையை விஞ்சுமாயின் எல்லா மனிதரின் முன்பற்களும் வெளியே சாய வேண்டும், அவ்வாறு நிகழ்வதில்லை. எனவே விழுங்கும் கணத்தின் விசையைக் கொண்டு பற்களின் இடத்தை விளக்க இயலாது என்ற ஐயம் எழுந்தது.

இரண்டு வகையான ஆய்வுகள் அந்த ஐயத்திற்கு விடை தந்தன. ஒன்று, ஒரு நாளில் மனிதர் எத்தனை முறை விழுங்குகிறார் என்பதை எண்ணியது. 1965இல் லியர், ஃபிளனகன், மூரிஸ் ஆகியோர் கண்ட சராசரி ஏறத்தாழ 585 முறை. ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகுதி. உறக்கத்தில் விழுங்குதல் மிகவும் அருகிவிடுகிறது. மற்றொன்று, பல்லை நகர்த்தத் தேவையான விசையின் தன்மையை ஆராய்ந்தது. 1963இல் வைன்ஸ்டைனும் குழுவினரும் பல்லின் வெளிப்புறத்தில் சிறு பொன் தகடு பொருத்தி அதனை முனைப்பாக்கினர். கன்னத்தின் மென்மையான, ஆனால் இடைவிடாத அழுத்தமே அப்பல்லை உள்நோக்கி நகர்த்தப் போதுமானதாக இருந்தது.

இவ்விரு வகைச் சான்றுகளையும் இணைத்து 1978இல் சமநிலைக் கோட்பாட்டை மறுஆய்வு செய்தவர் வில்லியம் புரொஃபிட். விழுங்கும்போது நா பல்லை அழுத்துவது ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரு நொடி. நாளொன்றுக்கு ஆயிரம் முறை விழுங்குவதாகக் கொண்டாலும் மொத்தம் ஆயிரம் நொடிகள். அதாவது 17 நிமிடத்திற்கும் குறைவு. பல்லை நகர்த்த விசை நாளொன்றுக்குப் பல மணிநேரம் நீடிக்க வேண்டும். ஆகவே விழுங்குதலின் வலிய அழுத்தம் அதன் குறுகிய கால அளவினால் பல்வரிசையை மாற்றும் ஆற்றலற்றது. ஓய்வில் இருக்கும் நாவும் உதடும் மணிக்கணக்கில் செலுத்தும் மெல்லிய அழுத்தமே பொருட்படுத்தத்தக்கது. அதனோடு பல்லைச் சூழ்ந்த இணைப்புத் திசுவின் விசையும் சமநிலையில் பங்குபெறுகிறது என்றார் புரொஃபிட். உதட்டையும் நாவையும் விட அதிகமாக அழுத்தும் ஒன்று இல்லாமலேயே பற்கள் நிலைபெறுவது எவ்வாறு என்ற புதிர் இதனால் தணிந்தது.

வலிமையைக் காட்டிலும் கால நீட்சியே முதன்மையானது என்பதே இந்த ஆய்வுகளின் பயன். விழுங்குதல் கண்ணுக்குத் தெரியும் நிகழ்ச்சி. தசை இறுகுகிறது, மோவாய் சுருங்குகிறது. ஓய்வுநிலையோ நிகழ்ச்சியாகவே தோன்றாதது. மருத்துவரின் பார்வை இயல்பாகவே முன்னதை நாடியது.

6. கொள்கை மாற்றமும் அதன் எல்லையும்

1970களின் நடுவில், அமெரிக்கப் பல் மருத்துவத்தையும் பேச்சு மருத்துவத்தையும் சார்ந்த கூட்டுக்குழு நாத்துருத்தல் குறித்த நிலைப்பாட்டை வெளியிட்டது. நாவைத் துருத்தி விழுங்குதலைத் தனியொரு நோய்நிலையாகக் கொள்ளப் போதிய சான்று இல்லை. விழுங்கும் முறையை மாற்றும் நோக்கிலான சிகிச்சையை மேற்கொள்ள வேண்டுவதில்லை என்பது அதன் உட்பொருள். அக்காலத்தில் மேசனும் புரொஃபிட்டும் இணைந்து எழுதிய கட்டுரைகள் இதே திசையில் வாதிட்டன.

எனினும் விவாதம் அத்துடன் முடியவில்லை. விழுங்கும் கணத்திலிருந்து ஓய்வுநிலைக்குக் கவனம் நகர்ந்தபின், ஓய்வில் நா முன்பற்களுக்கிடையே கிடப்பதும் உதடுகள் பிரிந்திருப்பதும் ஆராயத்தக்கவையாயின. கிழக்கு ஜெர்மனியின் ரோல்ஃப் ஃபிரெங்கெல் நாவை விடுத்து உதட்டிலிருந்து தொடங்கினார். உதடுகளை மூடியிருக்கப் பயிற்றுவித்தால் நா தனக்குரிய இடத்திற்குத் திரும்பும் என்பது அவருடைய சிகிச்சையின் அடிப்படை. 1991இல் அமெரிக்கப் பேச்சு மருத்துவச் சங்கம் தன் நிலைப்பாட்டைத் திருத்தி, வாய்த்தசை இயக்கக் கோளாறுகளை மதிப்பிடுவதும் கையாள்வதும் பேச்சு மருத்துவர் பணியின் எல்லைக்குள் அடங்கும் என ஏற்றது. பழைய கோட்பாடு முழுமையாக மீண்டுவிட்டது என்று இதனைக் கொள்ளுதல் பொருந்தாது. எந்தச் செயல், எவ்வளவு நேரம், எந்த உருவமைப்பின் மீது என்ற மூன்று வினாக்களையும் கேட்டபின்னரே காரணம் கூற வேண்டும் என்ற எச்சரிக்கை நிலைத்துவிட்டது.

இதே காலத்தில் விழுங்குதல் ஆய்வு மருத்துவமனைப் படுக்கைக்கும் சென்றது. பக்கவாதத்திற்குப் பின் உணவு மூச்சுக்குழலில் புகுந்து துன்புறும் நோயாளரை மதிப்பிட, எக்ஸ் கதிர் நிகழ்படத்தில் பேரியம் கலந்த உணவைச் சிறு அளவுகளில் விழுங்கச் செய்து பார்க்கும் முறையை ஜெரி லோகமன் செம்மைப்படுத்தினார். அவருடைய நூல் 1983இல் வெளிவந்தது. ஒருபுற உதடு தளர்ந்தவரிடம் நீர் வழிவதும், நா வலுவிழந்தவரிடம் கவளம் சிதறித் தொண்டைக்குள் முன்கூட்டியே நழுவுவதும் வாய்க்கட்டம் வெறும் முன்னுரை அல்ல என்பதை உணர்த்தின. ஒன்றரை நூற்றாண்டாக எளியது என ஒதுக்கப்பட்ட கட்டத்தின் தவறு, அடுத்த கட்டத்தில் உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடும் என்பது தெளிவாயிற்று.

‘இயல்பு’ என்ற கருத்தும் இந்த நிகழ்படங்களால் நெகிழ்ந்தது. 1989இல் டாட்ஸும் குழுவினரும், நலமுள்ளோரே இருவகையாக விழுங்குகின்றனர் எனக் காட்டினர். பெரும்பாலோர் கவளத்தை நாவின் மேல் வைத்து, நுனியை முன்பற்களின் பின்னே ஊன்றித் தொடங்குகின்றனர். சிலர் கவளத்தை நாவின் கீழ், முன்புறத்தில் வைத்திருந்து, நுனியைத் தாழ்த்தி அள்ளி மேலேற்றுகின்றனர். 1999இல் ஹையமேயும் பால்மரும் திட உணவைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, மெல்லும்போதே உணவின் ஒரு பகுதி தொண்டையின் முற்பகுதிக்குச் சென்று சேர்வதைக் காட்டியது. வாய்க்கட்டம் முடிந்தபின் தொண்டைக்கட்டம் என்ற மஜாந்தியின் கறாரான வரிசை, கட்டளைப்படி நீர் விழுங்கும் நிலைக்கே பெரிதும் பொருந்தும். இயல்பாக உண்ணும்போது கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, விழுங்குதலில் உதடும் நாவும் ஒரே அடைப்பின் இரு கூறுகள். ஒன்றன் குறையை மற்றது ஈடுசெய்யும். ஆகவே ஒன்றன் அசைவை மற்றதிலிருந்து பிரித்து மதிப்பிடுவது பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும். இரண்டாவது, ஈடுசெய்யும் அசைவு காரணமாகத் தோன்றியதற்கு நோக்கும் முறையே பெரிதும் பொறுப்பு. காற்றுப் பை தொண்டையைக் காட்டியது. எக்ஸ் கதிர் உணவைக் காட்டியது. விரல் தானே பிரித்த உதட்டைக் காட்டியது. ஒவ்வொரு கருவியும் தான் காட்டியதையே முழுமை எனக் கருத வைத்தது. மூன்றாவது, திருத்தத்தைக் கொணர்ந்த சான்றுகளுள் வலுவானது, விழுங்கும் எண்ணிக்கையை விழுங்கும் நேரத்தால் பெருக்கும் எளிய கணக்கு. விசையை மட்டும் நோக்கியவர்கள் அந்தக் கணக்கைப் போடவில்லை.

கணக்கு வருவதற்கு முன்பே சிகிச்சை வந்துவிட்டது என்பதுதான் இங்கு நினைவில் நிறுத்த வேண்டியது. முன்பல் விழுந்த இடைவெளியில் நாவை வைத்து விழுங்கிய குழந்தை, அந்த நேரத்தில் தன் உடல் செய்யக்கூடிய சரியான செயலையே செய்துகொண்டிருந்தது. அதனைப் பிழை எனப் பெயரிட்டது குழந்தையின் வாயை நோக்கிய மருத்துவத்தின் பார்வை.